ஃப்ரீட்மன் சோதனைக்கு எந்த மென்பொருள்? ஒரே தரவு, நான்கு கருவிகள்

தொடக்கநிலை 3 மாணவர்கள் எட்டுப் பேர். வாய்விட்டு வாசித்தலில் ல, ள, ழ மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி உச்சரித்த இடங்களை முதல் மூன்று தவணைகளிலும் ஆசிரியர் எண்ணிக் குறிக்கிறார். மாணவர் வாரியாக எண்கள் இவை: 7, 5, 3; 6, 4, 4; 8, 7, 5; 5, 5, 2; 9, 6, 7; 6, 5, 3; 4, 4, 4; 7, 3, 2. இது இந்த மதிப்பீட்டுக்காக அமைத்த மாதிரித் தரவுதான். ஆனால் சிங்கப்பூரில் தமிழாசிரியர்கள் செய்யும் வகுப்பறை ஆய்வுகளும், தாதியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் செய்யும் சிறு ஆய்வுகளும் பெரும்பாலும் இதே உருவத்தில்தான் வரும். ஆட்கள் குறைவு, அளவீடுகள் மூன்று நான்கு, எண்கள் பூச்சியத்தை நெருங்கியபடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே ஆட்களை மூன்று முறையோ அதற்கு மேலோ அளந்த இத்தகைய எண்களைத் தரவரிசையாக்கி ஒப்பிடுவதே ஃப்ரீட்மன் சோதனை. அதைச் செய்ய ஜமோவி, ஜாஸ்ப், எஸ்பிஎஸ்எஸ், ஆர் என்ற நான்கு புள்ளியியல் மென்பொருள்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்த எட்டு வரிகளை ஜமோவியில் போட்டால் இரண்டாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு பி மதிப்பு 0.049 வருகிறது (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு தோன்றும் வாய்ப்பு அது; 0.05-க்குக் கீழ் என்றால் வேறுபாடு உண்டு என்பது வழக்கம்). எஸ்பிஎஸ்எஸ் கொடுப்பது 0.78. தரவு ஒன்று, இரண்டிலும் ஓடுவது ஃப்ரீட்மன் சோதனைதான். இரண்டு மென்பொருளிலும் பிழை இல்லை. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கருவியை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கருவிக்கு முன் ஒரு சொல். ஒவ்வொரு தவணையின் எண்களும் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் உள்ளனவா என்று பார்க்கும் ஷபிரோ-வில்க் சோதனையைத் தனித்தனியே ஓட்டி, ஒன்று தவறினாலும் உடனே ஃப்ரீட்மனுக்குத் தாவுவது பலரிடம் உள்ள பழக்கம். இயல்நிலைப் பரவலில் இருக்கவேண்டியவை அந்த எண்கள் அல்ல. இரண்டே அளவீடு என்றால் ஒவ்வொருவரின் வேறுபாடு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் மாதிரியமைப்பு விட்டுவைக்கும் எச்சங்கள், அதாவது அதன் கணிப்புக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்கள். எட்டுப் பேரை வைத்து ஷபிரோ-வில்க் எதையும் பிடிக்காது. முந்நூறு பேர் இருந்தால் கடுகளவு சாய்வையும் பிடித்துக்கொண்டு கூச்சலிடும். எச்சங்களை இயல்நிலைப் பரவலோடு ஒப்பிட்டுக் காட்டும் கியூ-கியூ படத்தைப் பாருங்கள். புள்ளிகள் கோட்டை ஒட்டி இருந்தால் ஒரே ஆட்களின் சராசரிகளை ஒப்பிடும் மறு அளவீட்டு ஏனோவாவை, அளவீடுகளுக்கிடையே சிதறல் சமமில்லாததை ஈடுசெய்யும் கிரீன்ஹவுஸ்-கெய்சர் திருத்தத்தோடு வைத்துக்கொள்ளலாம். தரவு உண்மையிலேயே இயல்நிலையில் இருக்கும்போது மூன்று அளவீடுகளுக்கு ஃப்ரீட்மனைப் பயன்படுத்தினால் அதன் திறன் ஏறத்தாழ 0.72, அதாவது நூறு பேரைச் சேர்த்துவிட்டு எழுபத்திரண்டு பேரின் பயனைப் பெறுவது போல. இரண்டே அளவீட்டில் அது 0.64 ஆகக் குறைந்து கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் எண்ணும் வெறும் குறிச் சோதனையாகிவிடும். இரண்டு அளவீடு மட்டும் என்றால் வில்காக்சன் குறித் தரவரிசைச் சோதனைதான் உரியது, ஃப்ரீட்மன் அல்ல.

மேலே உள்ள பிழை எண்ணிக்கைகளுக்கு ஃப்ரீட்மன் பொருந்தும். ஆட்கள் குறைவு, எண்கள் சிறியவை, சமநிலைகள் (ஒருவருக்கே ஒரே எண் திரும்ப வருவது) உண்டு. ஒவ்வொரு மாணவரின் மூன்று எண்களையும் அவருக்குள்ளேயே 1, 2, 3 என்று தரவரிசைப்படுத்தி, சம எண்களுக்குச் சராசரி இடம் தந்து கூட்டினால் முதல் தவணைக்கு 22.5, இரண்டாவதற்கு 15, மூன்றாவதற்கு 10.5. சமநிலைத் திருத்தத்துடன் கை-ஸ்கொயர் 11.31, சுயேச்சை அலகு (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அளவீடுகளில் ஒன்று குறைவு) 2, பி 0.0035. நான்கு கருவிகளும் இந்த எண்ணைத்தான் தரவேண்டும். தராவிட்டால் தரவை உள்ளிட்டதில்தான் கோளாறு.

ஜமோவி இலவசம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் மேல் கட்டப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு மாணவருக்கு ஒரு வரி, ஒரு தவணைக்கு ஒரு நெடுவரிசை என்று தரவை அகலமாக வைக்கவேண்டும். ஏனோவா பட்டியலைத் திறந்தால் அடியில் 'நான்-பாராமெட்ரிக்' என்ற தலைப்பின்கீழ் ஃப்ரீட்மன் இருக்கும். மூன்று நெடுவரிசைகளையும் வலப்பக்கப் பெட்டிக்குத் தள்ளினால் போதும், பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம், முடிவு வந்துவிடும். வராத மாணவருக்கு 'இல்லை' என்றோ கோடோ போட்டு வைத்தால் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏற மறுக்கும். கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

எளிமைக்கு ஜமோவியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இரண்டு குறைகள் உண்டு, இரண்டும் சிறியவை அல்ல. முதலாவது, ஃப்ரீட்மன் அட்டவணையில் விளைவின் அளவு, அதாவது வேறுபாடு எவ்வளவு பெரிது என்ற எண், கிடையாது. அதற்கான கெண்டல் டபிள்யூவை (0 முதல் 1 வரை) நீங்களே கணக்கிடவேண்டும்: கை-ஸ்கொயரை ஆட்களின் எண்ணிக்கையாலும், அளவீடுகளில் ஒன்று குறைத்த எண்ணாலும் வகுக்கவேண்டும். இங்கே 11.31-ஐ 8 × 2-ஆல் வகுத்தால் 0.71. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. தவணைகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் இணை ஒப்பீட்டைத் தேர்ந்தெடுத்தால் அது டர்பின்-கோனோவர் முறையில் மூன்று பி மதிப்புகளைத் தருகிறது. முதல்–இரண்டாம் தவணைக்கு 0.003, முதல்–மூன்றாம் தவணைக்கு 0.001-க்கும் கீழ், இரண்டாம்–மூன்றாம் தவணைக்கு 0.049. பல ஒப்பீடுகள் செய்யும்போது ஏதோ ஒன்று தற்செயலாகவே 0.05-க்குக் கீழ் விழும் வாய்ப்பு கூடும்; அதை ஈடுசெய்யும் பன்முக ஒப்பீட்டுத் திருத்தம் எதுவும் இவற்றில் செய்யப்படவில்லை. இதைக் கவனிக்காமல் மூன்று வேறுபாடுகளும் உறுதி என்று எழுதிவிடுவது மிக எளிது.

திருத்தத்தைக் கையாலேயே செய்யலாம். ஹோம் முறை என்றால் மிகச் சிறிய பி மதிப்பை மூன்றால் பெருக்குங்கள், அடுத்ததை இரண்டால், கடைசியை ஒன்றால். 0.003 என்பது 0.006 ஆகும், 0.049 அப்படியே நிற்கும். போன்ஃபெரோனி என்றால் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கவேண்டும், கடைசியது 0.147 ஆகிவிடும். எண்களைப் பார்த்துவிட்டு இரண்டில் பிடித்ததை எடுப்பது நேர்மை ஆகாது. எந்தத் திருத்தம் என்பதை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

ஜாஸ்ப் என்பதும் இலவசம், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாவது. முகம் ஜமோவியைப் போலவே இருக்கும். ஜமோவியைத் தொடங்கியவர்கள் முன்பு ஜாஸ்பில் வேலை செய்தவர்கள்தான். ஃப்ரீட்மன் ஒன்றுக்காக மட்டும் கேட்டால் என் தேர்வு ஜாஸ்ப். கெண்டல் டபிள்யூ அட்டவணையிலேயே வரும். கோனோவர் ஒப்பீட்டில் திருத்தாத பி, போன்ஃபெரோனி பி, ஹோம் பி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எது என்ன என்று பெயரோடு.

வழிதான் கொஞ்சம் சுற்று. மறு அளவீட்டு ஏனோவாவைத் திறந்து, காரணிக்குத் 'தவணை' என்று பெயர் வைத்து, மூன்று நிலைகளையும் தட்டச்சு செய்து, நெடுவரிசைகளை வரிசை மாறாமல் அந்தந்தக் கட்டத்தில் போடவேண்டும். பிறகு கீழே உருட்டிக்கொண்டே போனால் 'நான்-பாராமெட்ரிக்ஸ்' என்று மடித்து வைத்த பகுதி வரும். அதைத் திறந்து தவணையை உள்ளே இழுத்து, கோனோவர் ஒப்பீட்டுக்குக் குறியிடவேண்டும். முடிவுப் பக்கத்தின் உச்சியில் சாதாரண ஏனோவா அட்டவணை அப்படியே நிற்கும், அது போகாது. அவசரத்தில் அந்த எஃப் மதிப்பை எடுத்து ஃப்ரீட்மன் என்று எழுதுவது இந்தக் கருவியோடு கூடவே வரும் ஆபத்து. ஃப்ரீட்மனின் முடிவில் எஃப் இருக்காது, கை-ஸ்கொயர் இருக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், மருத்துவமனை ஆய்வுப் பிரிவுகள் எல்லாவற்றிலும் பழகிய பெயர். உங்கள் நிறுவனம் உரிமம் தந்தால் பயன்படுத்துங்கள். ஃப்ரீட்மனுக்காகச் சொந்தக் காசு போட்டுச் சந்தா கட்டத் தேவையில்லை. இதில் ஒரே சோதனைக்கு இரண்டு வாசல்கள். 'லெகசி டயலாக்ஸ்' வழியாகப் போனால் கை-ஸ்கொயர் வரும், கெண்டல் டபிள்யூவும் கேட்டால் வரும், இணை ஒப்பீடு மட்டும் வராது. 'ரிலேட்டட் சாம்பிள்ஸ்' என்ற புதிய வாசலில் இணை ஒப்பீடும் வரும். ஆனால் அங்கே மாறிகளின் அளவை வகையை 'ஸ்கேல்' என்று மாற்றாவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளில் முதலில் ஒரு சுருக்கப் பெட்டி மட்டும்தான் தெரியும், அதை இரட்டைக் கிளிக் செய்தால்தான் ஒப்பீடுகள் விரியும். அதைத் திறக்காமலே அறிக்கை எழுதியவர்கள் உண்டு.

இணை ஒப்பீட்டில் எஸ்பிஎஸ்எஸ் கையாள்வது டன் என்பவரின் முறையும் போன்ஃபெரோனி திருத்தமும். நம் தரவில் முதல்–மூன்றாம் தவணை 0.008, முதல்–இரண்டாம் தவணை 0.18, இரண்டாம்–மூன்றாம் தவணை 0.78. முதலாவது ஒன்றுதான் நிற்கிறது.

இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். இரண்டு முறைகளும் ஒரே சராசரித் தரவரிசை வேறுபாட்டைத்தான் எடுத்துக்கொள்கின்றன; இரண்டாம்–மூன்றாம் தவணைக்கு அது 0.5625. அதை எதனால் வகுப்பது என்பதில்தான் பிரிகின்றன. டன் முறையின் திட்டப்பிழை ஆட்களின் எண்ணிக்கையையும் அளவீடுகளின் எண்ணிக்கையையும் மட்டுமே பொறுத்தது. எட்டுப் பேர், மூன்று அளவீடு என்றால் எப்போதும் 0.5. மாணவர்கள் எல்லாரும் ஒரே திசையில் முன்னேறினாலும், ஆளுக்கொரு திசையில் போனாலும் அந்த 0.5 மாறாது. கோனோவர் முறை அப்படியல்ல. மாணவர்களிடையே உள்ள ஒற்றுமையைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் சிதறலை வைத்துத் திட்டப்பிழையைக் கணக்கிடுகிறது. இங்கே பெரும்பாலோர் ஒரே வழியில் இறங்கியிருப்பதால் அது 0.26 ஆகச் சுருங்குகிறது. வகுக்கும் எண் பாதியானால் விடை இரட்டிப்பாகும். இதனால் டன் திருத்தத்துக்கு முன்பே 0.26-இல் நிற்கிறது; எஸ்பிஎஸ்எஸின் போன்ஃபெரோனி அதை மூன்றால் பெருக்கி 0.78 ஆக்குகிறது, ஜமோவியின் 0.049-இல் அந்தப் பெருக்கல் இல்லை. டன் தயங்குவதற்கும் கோனோவர் துணிவதற்கும் காரணம் இவ்வளவுதான்.

மூன்றாவது வழி, ஒவ்வொரு இணைக்கும் வில்காக்சன். இரண்டாம்–மூன்றாம் தவணையில் இரண்டு மாணவர்களுக்கு வேறுபாடு பூச்சியம். வில்காக்சனின் வழக்கப்படி அவர்கள் விலக்கப்படுவார்கள், மிஞ்சுவது ஆறு பேர். எஸ்பிஎஸ்எஸின் பழைய வாசல், தொடர்ச்சித் திருத்தம் (தோராயக் கணக்கில் செய்யும் ஒரு சிறு சரிக்கட்டல்) இல்லாத தோராயத்தில் 0.056 தரும். ஆர் அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதால் 0.071 தரும், சமநிலைகள் இருப்பதால் துல்லிய மதிப்பு சாத்தியமில்லை என்று எச்சரிக்கையும் போடும். ஆறு வேறுபாடுகளுக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் அமையக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணிப் பார்த்தால் 64-இல் 6, அதாவது 0.094. ஒரே இணைக்கு 0.049 முதல் 0.78 வரை ஐந்து விடைகள் ஆகிவிட்டன. கோனோவர், டன், துல்லிய வில்காக்சன் மூன்றிலும் ஹோம் திருத்தத்துக்குப் பிறகும் தாக்குப்பிடிப்பது முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. எட்டுப் பேர் தரவிலிருந்து அதைத் தாண்டிச் சொல்ல எனக்கு மனம் வராது.

வில்காக்சனுக்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டு. டன்னும் கோனோவரும் மூன்று தவணைகளையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்துவதால், முதல் தவணையின் எண்கள் மாறினால் இரண்டாம்–மூன்றாம் ஒப்பீடும் அசையும். வில்காக்சன் அந்த இரண்டை மட்டுமே பார்க்கும். ஆனால் அதற்குக் கீழ் எல்லை ஒன்று இருக்கிறது. வேறுபாடு உள்ளவர்கள் ஐந்தே பேர் என்றால், ஐவரும் ஒரே திசையில் மாறினாலும் இருபக்க பி மதிப்பு 0.0625-க்குக் கீழே இறங்காது. குறைந்தது ஆறு பேராவது வேண்டும், மூன்று ஒப்பீட்டுக்குத் திருத்தம் செய்தால் அதற்கும் மேல்.

ஆர் இலவசம், ஆனால் தட்டச்சு செய்யவேண்டும். ஃப்ரீட்மன் சோதனை அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. மூன்று நெடுவரிசைகளை மட்டும் அணியாக மாற்றிக் கொடுத்தால் ஒரே வரியில் முடிந்தது. மாணவர் எண் உள்ள நெடுவரிசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அதையும் ஓர் அளவீடாக எண்ணிவிடும். சுயேச்சை அலகு 2-க்குப் பதில் 3 என்று வந்தால் நடந்தது இதுதான். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து வில்காக்சனைச் சூத்திர வடிவில் இணைத் தரவுக்கு எழுதினால் 4.4.0 பதிப்பிலிருந்து பிழைச் செய்திதான் வரும். இரண்டு நெடுவரிசைகளையும் தனித்தனியே கொடுக்கவேண்டும்.

ஆர் உண்மையில் தேவைப்படுவது வேறோர் இடத்தில். ஒரு வகுப்பு புதிய பயிற்சியில், இன்னொரு வகுப்பு வழக்கமான பயிற்சியில், இரண்டுக்கும் மூன்று தவணை அளவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி இதுதான்: இரண்டு வகுப்பும் வெவ்வேறு வேகத்தில் முன்னேறினவா? ஃப்ரீட்மனால் இதற்கு விடை சொல்லவே முடியாது, அதற்குத் தெரிந்தது ஒரே காரணி. இங்கே பலர் இரண்டு வகுப்புக்கும் தனித்தனியே ஃப்ரீட்மன் ஓட்டி, ஒன்றில் 0.03, மற்றதில் 0.08 என்றதும் புதிய பயிற்சி வென்றது என்று எழுதுகிறார்கள். தவறு. 0.03-க்கும் 0.08-க்கும் உள்ள வேறுபாடு சோதிக்கப்படவே இல்லை. சோதிக்கவேண்டியது வகுப்பும் தவணையும் சேர்ந்த ஊடாட்டம், அதாவது தவணைதோறும் வரும் மாற்றம் வகுப்புக்கு வகுப்பு வேறுபடுகிறதா என்பது.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. சீரமைத்த தரவரிசை உருமாற்றம் செய்யும் ஏஆர்டூல் தொகுப்பு ஒன்று. அதில் வகுப்பு, தவணை, மாணவர் மூன்றையும் காரணி வகையாக மாற்றி, தரவை நீளமாக, ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி என்று வைக்கவேண்டும். எட்டு மாணவர் மூன்று தவணை என்றால் 24 வரிகள். இரண்டாவது வழி என்பார்எல்டி தொகுப்பு, வகுப்பு, தவணை, ஊடாட்டம் மூன்றுக்கும் தரவரிசை அடிப்படையிலேயே விடை தரும். மூன்றாவது, பிழை எண்ணிக்கை போன்ற தரவுக்கு நான் முதலில் சொல்வது: தரவரிசையை விட்டுவிட்டு, மாணவருக்கு மாணவர் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க அவரைச் சமவாய்ப்புக் காரணியாக வைத்து, எண்ணிக்கைத் தரவுக்கு உரிய பாய்சான் அல்லது எதிர்ம ஈருறுப்புப் பொதுமைக் கலப்பு மாதிரி. 'பிழைகள் பாதியாகக் குறைந்தன' என்று பெற்றோருக்கும் புரியும் விடையை அதுதான் தரும். இதற்கு ஆர் தெரியவேண்டும் என்றும் இல்லை. ஜமோவியில் காம்ல்ஜே என்ற கூடுதல் தொகுப்பை நிறுவினால் சுட்டியைச் சொடுக்கியே செய்துவிடலாம். ஜமோவியை வைத்துக்கொள்ள இதுவே எனக்கு முதன்மையான காரணம்.

விடுபட்ட அளவீடு என்றாலும் கலப்பு மாதிரிதான் கைகொடுக்கும். ஃப்ரீட்மனுக்கு ஒவ்வொரு வரியும் முழுமையாக இருக்கவேண்டும். ஒரு மாணவர் இரண்டாம் தவணையில் காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்தால் அவருடைய மூன்று எண்களும் போய்விடும். அட்டவணையில் காட்டும் ஆள் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒரே ஒரு வரிதான் குறை என்று சராசரியை நிரப்பி வைப்பது, இருக்கிற தரவையும் கெடுத்துவிடும்.

எக்செலில் ஃப்ரீட்மன் இல்லை. ஆனால் சமநிலைகளுக்குச் சராசரித் தரவரிசை தரும் செயற்கூறு இருக்கிறது, எனவே மென்பொருள் சொன்னதைச் சரிபார்க்கப் பயன்படும். ஒவ்வொரு மாணவரின் தரவரிசைகளும் 6-க்குக் கூடவேண்டும், எட்டுப் பேருக்கும் சேர்த்து 48. கூட்டு தவறினால் தரவரிசையை நெடுவரிசை வழியே போட்டிருக்கிறீர்கள், வரி வழியே அல்ல.

அறிக்கையில் ஒரே வாக்கியம் போதும்: இடைநிலை அளவுகள் 6.5, 5, 3.5; ஆட்கள் 8; கை-ஸ்கொயர் 11.31, சுயேச்சை அலகு 2, பி 0.004, கெண்டல் டபிள்யூ 0.71; இணை ஒப்பீட்டு முறையின் பெயர், திருத்தத்தின் பெயர். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் படிப்பவருக்கு 0.049-க்கும் 0.78-க்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது. ஒவ்வொரு தவணையிலும் வாசிக்கக் கொடுத்த பகுதிகள் சம அளவு கடினமா, அவற்றில் ழகரம் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாம் தவணைப் பகுதியில் ழகரச் சொற்கள் குறைவாக இருந்திருந்தால் பிழை குறைந்ததற்கு அதுவே காரணமாகலாம், நான்கு கருவிகளில் எதுவும் அதைக் கண்டுபிடிக்காது.

முதன்முறை செய்பவர் ஜாஸ்பை நிறுவலாம். இரண்டு குழுக்களோ விடுபட்ட அளவீடுகளோ இருந்தால் ஜமோவியும் காம்ல்ஜேயும். தேசிய கல்விக் கழகத்தில் மேற்படிப்பு ஆய்வேடு எழுதுவோர், மருத்துவ ஆய்வைச் சஞ்சிகைக்கு அனுப்புவோர் ஆரைக் கற்றுக்கொள்வது நல்லது. கட்டளை வரிகளைப் பின்னிணைப்பாகக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் கேட்பதற்குள் விடை இருக்கும். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் தரவையும் முடிவுகளையும் ஒரே கோப்பில் சேமிப்பவை. வழிகாட்டிக்கு முடிவை மட்டும் அனுப்புவதாக நினைத்து அந்தக் கோப்பை அனுப்பினால் மாணவர் பட்டியலும் கூடவே போய்ச் சேரும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கவேண்டாம். மா1, மா2 என்று குறியிட்டு, எந்தக் குறி யாருடையது என்ற பட்டியலை வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.